பெட்டிக்குள் பை, பைக்குள் பீஸ்

அடைப்புக்குறிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பறிகொடுத்தவள் சித்ரகலா. மூன்றும் வேறு வேறு ஞாயிறு, வேறு வேறு அடைப்புக்குறி. அதில் மூன்றாவது அவளுடைய சொந்தக் கட்டுச்சோறு விருந்து. மங்கலத்திலிருந்து பிறந்த வீட்டார் ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்க, வயிற்றுப்பிள்ளைக்காரி உள்ளறையில் மடிக்கணினியை மடியில் வைக்க முடியாமல் ஜன்னல் திட்டின் மேல் வைத்து, நின்றபடியே எங்கே ஒரு குறி விட்டுப்போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தாள். தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் புளிச்சோறு தீர்ந்துவிட்டது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் வேலை பார்ப்பது நெருப்பெரிச்சல் என்ற ஊரில், குழந்தைகளுக்கு இரவு உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். அங்கே தயாராகும் ஒவ்வொரு மாடலுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. சாம்பிளில் தொங்கும் அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் குறி இருக்கும். சரக்கு வாங்கும் பையர் அதைப் போனில் காட்டினால் பக்கம் திறக்கும்: என்ன துணி, என்னென்ன சைஸ், எப்படித் துவைப்பது, ஒரு பைக்கு எத்தனை பீஸ், ஒரு பெட்டிக்கு எத்தனை பை. இருநூறு பக்கங்களுக்கு மேல். எல்லாவற்றையும் உண்டாக்கியவள், காப்பவள், திட்டு வாங்குபவள் சித்ரகலா ஒருத்திதான்.

பையர்களுக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. ஆறு பீஸ் என்பான், மறுநாள் நான்கு என்பான். மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். ஆனால் பக்கத்தை எழுதும் கணினி மொழியில் அந்த எண்ணுக்கு முன்னால் ஓர் அடைப்புக்குறி திறந்திருக்கும், பின்னால் அதே குறி மூடியிருக்கும், அதைச் சுற்றி இன்னும் நான்கு திறந்து மூடியிருக்கும். அவசரத்துக்கு யாராவது எண்ணை மாற்றும்போது மூடுகிற குறியில் ஒன்றையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். அதற்குக் கீழே பக்கம் முழுக்கத் தாறுமாறாகிவிடும். உடனே சித்ராவுக்குப் போன்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்கு மங்கலம் போகிறாள். அவள் போய்விட்டால் பக்கங்களை யார் பார்ப்பது என்று கம்பெனியில் பேச்சு எழுந்தது. மெர்ச்சண்டைசிங் மேனேஜர் வேல்குமார், கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பக்கம் உடைந்தால் பையரிடம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர், அவ்வளவுதான். ஆனால் வேலை ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே வராது என்று சித்ராவுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு பிரசவத்துக்குப் போன விஜயகுமாரியை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. அவள் வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அவள் மேசை மேல் பிரிண்டரைத் தூக்கி வைத்தார்கள். பிரிண்டர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. விஜயகுமாரி இல்லை.

தன் மேசைக்குப் பிரிண்டர் வராமல் பார்த்துக்கொள்வது என்று சித்ரா முடிவு செய்தது ஐந்தாம் மாதத்திலேயே. அதற்கு வழி, அவள் இல்லாமலும் பக்கங்கள் ஓட வேண்டும். திறந்து மூடும் குறிகளே இல்லாமல் எழுத ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். நான்கைந்து இருந்தன. ஒன்று மிகவும் எளிது, பத்தி எழுதலாம், தலைப்புப் போடலாம். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டம் போட அதற்குத் தெம்பு போதாது. இன்னொன்றில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் சதவீதக்குறி. கணக்குப்பிள்ளைகளே குழம்பிப்போவார்கள் என்று அதையும் ஒதுக்கினாள். கடைசியில் நின்றது பக் என்று ஒரு நாய் இனத்தின் பெயர் வைத்த ஒன்று. அதில் மூடுவதே கிடையாது. ஒன்றுக்குள் இருப்பதை அடுத்த வரியில் இரண்டு இடம் உள்ளே தள்ளி எழுதினால் போதும்.

தனக்குப் பிடித்துப் பிரயோஜனம் இல்லை, தினம் மாற்றப்போகிறவர்களுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை மூன்று விதமாக எழுதி, காகிதத்தில் அச்சிட்டுக்கொண்டு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே இன்சார்ஜ் மயிலாள். குன்னத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவள், பத்தாவது வரை படித்தவள், இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி கட்டுகிறவள். மூன்று தாளையும் சித்ரா மேசை மேல் விரித்து, எது புரிகிறது என்று மட்டும் கேட்டாள்.

மயிலாள் முதல் இரண்டையும் ஈ ஓட்டுவதுபோலத் தள்ளிவிட்டு, மூன்றாவதில் விரலை வைத்தாள்.

"இது நம்ம பேக்கிங் ஸ்லிப்புதான கண்ணு? பெட்டின்னு எழுதறோம். கொஞ்சம் உள்ள தள்ளிப் பை. அதுக்கும் உள்ள தள்ளிப் பீஸு. இத எதுக்கு எங்கிட்டக் கேக்கற?"

"அது போதுமுங்கக்கா."

"மூடறது எங்க?"

"மூடறதே இல்லீங்க. உள்ள தள்ளுனா உள்ள, வெளிய இழுத்தா வெளிய."

"டேப்பு ஒட்டற சோலி மிச்சம்" என்றாள் மயிலாள். பிறகு யோசித்து, "யாரு பேக் பண்ணுனாங்கன்னு இதுல எங்க எழுதறது?" என்று கேட்டாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டியவரின் நம்பர் போட்ட துண்டுச்சீட்டு ஒன்று போகும். நாளைக்குப் புகார் வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. சித்ரா சிரித்துவிட்டு, இரண்டு சாய்கோடும் ஒரு சிறுகோடும் போட்டு எழுதினால் அந்த வரி பையர் கண்ணுக்குத் தெரியாது, கோப்பைத் திறக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தாள். எப்போது தேவைப்படும் என்று கேட்டுக்கொள்ளாமலே மயிலாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு வேளைகளைத் தின்று சித்ரா இருநூறு பக்கங்களையும் மாற்றி எழுதினாள். பேக்கிங் செக்‌ஷன் கணினியிலேயே கோப்பைத் திறந்து மாற்றிச் சேமித்தால் பக்கமும் தானாக மாறிவிடும்படி செய்தாள். பிறகு முதலாளி பூபாலனின் அறைக்குப் போய் விவரத்தைச் சொன்னாள். வேல்குமாரும் இருந்தார்.

"எழுத்து கண்ணுக்குத் தெரியும், குறி கண்ணுக்குத் தெரியும். வெறும் இடம் தெரியுமா?" என்றார் அவர். "வெத்து எடத்த நம்பிப் பக்கத்த வெக்கறதுங்கறது எனக்குச் சரியாப் படலீங்க. ஒருத்தர் கை பட்டு எடம் மாறிடுச்சுன்னா?"

கேள்வி நியாயமானதுதான். சித்ராவுக்கே அந்தப் பயம் இருந்தது. இருந்தாலும், "மாறுனா அவங்களே சரி பண்ணுவாங்க சார், நான் வேண்டியதில்லீங்க" என்றாள்.

பூபாலன் இரண்டு பேரையும் பார்த்தார். தையல் மெஷின் வாங்கினால்கூட ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறவர் அவர். "திங்கக்கெழம தொடங்கி சனிக்கெழம வரைக்கும் நீ கீபோர்டத் தொடக் கூடாது. இப்புடிப் பண்ணுங்க, அப்புடிப் பண்ணுங்கன்னு சொல்லவும் கூடாது. வாரம் நல்லபடியா ஓடுச்சுன்னா உன்ற வழி. ஒருவாட்டி தொட்டாலும் கோயமுத்தூருக்குக் குடுத்தரலாம். சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றாள். சனிக்கிழமை பையர் ஆள் வருகிற நாள் என்பது அவளுக்கு அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திங்கள் தப்பியது. செவ்வாயன்று மயிலாள் இரண்டு இடத்துக்குப் பதில் ஒரு இடம் தள்ளிவிட, கணினி ஏற்க மாட்டேன் என்று சிவப்பில் கத்தியது. சித்ரா பார்த்துக்கொண்டு நின்றால் வாய் சும்மா இருக்காது என்று கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். திரும்பி வந்தபோது மயிலாள் அடுத்த பெட்டிக்குப் போயிருந்தாள். புதன், வியாழன், வெள்ளி ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை சித்ரா கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சனிக்கிழமை காலை ராமர் வந்தார்.

ராமர் ஃபினிஷிங் சூப்பர்வைசர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். பையர் வருகிறார் என்றால் அவருக்குச் சாமி வந்த மாதிரி. பெட்டிகளைத் தரையின் மஞ்சள் கோட்டுக்கு ஒரு விரல் பிசகாமல் தள்ளி வைப்பார். தீயணைக்கும் வாளிகளின் கைப்பிடியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றும் அப்படித்தான் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்திருக்கிறார். மயிலாள் ஸ்டிக்கர் வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தாள். திரையில், பையர் பார்க்கப்போகிற அதே பைஜாமா செட்டின் கோப்பு திறந்து கிடந்தது. எண்பது வரிகள், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று இன்னும் உள்ளே. ராமரால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வரியையும் இடது ஓரத்துக்கு இழுத்து வரிசையாக நிறுத்தி, சேமித்தும் விட்டார். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரியாகவே இருந்ததால் கணினியும் இந்தத் தடவை கத்தவில்லை.

பத்தரை மணிக்கு வேல்குமார் சித்ராவின் மேசைக்கு வந்து போனை நீட்டினார். கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அவற்றுக்குக் கீழே துணியும் சைஸும் சலவையும் எண்ணிக்கையும் ஒரே பத்தியாகக் குழம்பி ஓடின.

"பதினொரு மணிக்கு வர்றாங்க. இந்த அட்டையத்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணுவாங்க" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை, பதற்றம்தான் இருந்தது. "சித்ரா, சரி பண்ணிரும்மா. நான் மொதலாளிகிட்ட வாயத் தொறக்க மாட்டேன். சத்தியமா."

அவள் கணினியில் நேற்றைய நிலை அப்படியே பத்திரமாக இருந்தது. ஒரு கட்டளை, ஒரு வரி. அரை நிமிட வேலை. கை தானாகவே மேசை மேல் ஏறிவிட்டது. வேல்குமார் சொன்னால் சொன்னதுதான், யாருக்கும் தெரியாது. ஆர்டர் பிழைக்கும், வாரமும் ஜெயித்த மாதிரி இருக்கும். அடுத்த சனிக்கிழமையோ அதற்கடுத்த சனிக்கிழமையோ இப்படி ஆகும்போது அவள் மங்கலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பாள். அப்போது அவர்கள் கோயம்புத்தூரைத்தான் கூப்பிடுவார்கள்.

பயமாகத்தான் இருந்தது. ஆர்டர் போனால் போவது அவளுடைய மேசை மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. என்றாலும் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"நான் தொட மாட்டேனுங்க சார். வாங்க, மயிலாக்காகிட்டப் போலாம்."

படியிறங்க அவளுக்கு இப்போதெல்லாம் நேரமாகிறது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க, பின்னால் வேல்குமார் அவசரப்படுத்தவும் முடியாமல், தாண்டிப் போகவும் முடியாமல் தவித்தார். பேக்கிங் செக்‌ஷனில் மயிலாள் திரை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் ராமர், பாராட்டுக்குக் காத்திருப்பவர் முகத்தோடு.

"அங்கிட்டும் இங்கிட்டுமா கோணமாணையாக் கெடந்துச்சு தாயி" என்றார் சித்ராவைப் பார்த்து. "நாந்தான் எல்லாத்தையும் வரிசைக்குக் கொண்டாந்தேன். இப்பப் பாருங்க, எம்புட்டு லட்சணமா இருக்கு!"

மயிலாள்தான் பேசினாள், அதுவும் மிக மரியாதையாக.

"ஏனுங்க ராமரண்ணா, கட்டி வெச்ச பெட்டியெல்லாம் பிரிச்சு, பையெல்லாம் கிழிச்சு, பீஸு பூராத்தையும் தரையில வரிசையா அடுக்குனாப்பல பண்ணிப்போட்டீங்களே!"

ராமரின் முகம் சுருங்கிவிட்டது. விஷயம் அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பெட்டி பிரிவதைவிடப் பெரிய பாவம் அவருக்கும் கிடையாது. "ஆத்தாடி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

மயிலாள் உட்கார்ந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் வரியைத் தொட்டாள். "பெட்டி" என்றாள் தனக்குள். அது ஓரத்திலேயே இருந்தது. "பெட்டிக்குள்ள பை." இரண்டு தட்டு. "பைக்குள்ள பீஸு." நான்கு தட்டு. "பீஸுல மேல்சட்ட, பேண்ட்டு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சமம்." பெட்டி கட்டும் அதே வேகம், அதே முணுமுணுப்பு. விரல் மட்டும் டேப்புக்குப் பதில் கீபோர்டின் இடைவெளிப் பட்டையில் விழுந்தது. நடுவில் பூபாலன் வந்து கதவருகே நின்றதை அவள் கவனிக்கவேயில்லை.

ஐம்பதாவது வரியில் பிசகினாள். துவைக்கும் முறை எழுதிய வரிகளைப் பைக்குள் மட்டும் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். சித்ரா பார்த்துவிட்டாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூபாலன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்தாள், போதவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டாள். உள்ளே குழந்தை பொறுமையில்லாமல் ஒரு உதை விட்டது. சொல்லித் தொலைக்கலாமே, ஒரே ஒரு சொல் என்று மனது அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் வந்தது. கார் உள்ளே நுழைகிறதாம். வேல்குமார் வாசலுக்கு ஓடினார்.

மயிலாள் எண்பதாவது வரியை முடித்தாள். ஆனால் சேமிக்கவில்லை. டேப் ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை உள்ளிருந்து வெளியே சரிபார்க்காமல் அவள் எந்தக் காலத்திலும் அனுப்பியதில்லை. விரலைத் திரையில் வைத்து உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். "பேண்ட்டு, மேல்சட்ட, சைஸு, பை, பையில நாலு பீஸு, பையில தொவைக்கற லேபிள்..." விரல் நின்றது.

"அட கெரகமே. லேபிளு பையில எங்கிருந்து வரும்? பீஸுலயல்ல தெச்சிருக்கு!"

அந்த வரிகளைப் பீஸுக்குள் தள்ளினாள். சேமித்தாள். சித்ராவின் விரல்கள் துப்பட்டாவை விட்டன. நகம் பதிந்த இடம் உள்ளங்கையில் சிவந்திருந்தது.

பையர் ஆள் பெங்களூர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். அட்டையைப் போனில் காட்டினாள், மேலிருந்து கீழே ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள், தலையாட்டிவிட்டு அடுத்த மாடலுக்குப் போனாள். பதினைந்து நொடி. அந்தப் பதினைந்து நொடிக்கு எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

கார் போன பிறகு, எல்லாரும் நின்றபடி டீ குடிக்கும்போது பூபாலன் சிரித்துக்கொண்டே கேட்டார். "இனி மயிலாளே பாத்துக்குவா போல. அப்பறம் நீ எதுக்கு சித்ரா?"

விளையாட்டுதான், ஆனால் முழுக்க விளையாட்டு இல்லை. மூன்று மாதம் பாடுபட்டு, தன் நாற்காலியைத் தானே காலி செய்துவிட்டோமா என்று சித்ரா ஒரு கணம் பயந்தாள். பிறகு டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க பாத்துக்குவாங்க. அதனாலதானுங்க கோயமுத்தூர் வேண்டியதில்லீங்கறேன். எண்ணு மாத்தறதுக்கு நான் வேண்டாமுங்க. ஆனா பாருங்க, ராமரண்ணன் எல்லாத்தையும் ஓரத்துக்கு இழுத்தப்போ கணினி சும்மா இருந்துச்சு. பெட்டி காலியா இருந்தா ஏத்துக்காதன்னு நான் அதுக்குச் சொல்லி வெக்கல. அது என்ற தப்புங்க. சேமிச்சத ஒரு தட்டுல பழையபடி கொண்டார்றதும் அவங்களுக்குச் சொல்லித் தரல. இப்புடி இன்னும் என்னென்ன வரும்னு தெரியாது. அத யோசிக்கறதுக்குத்தானுங்க நான். கொழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் வந்துருவேன். தேதி எழுதியே தர்றேனுங்க."

பூபாலன் டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். பிறகு வேல்குமார் பக்கம் திரும்பி, "கோயமுத்தூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிருப்பா" என்றார். சித்ராவிடம், "தேதிய எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

வேல்குமார் தலையாட்டினார். போகும்போது சித்ராவின் அருகில் நின்று, "உன்ற டேபிள்ல பிரிண்டர் வெக்க மாட்டோம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். விஜயகுமாரியை அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது.

ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்கள் கிளம்பின. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மயிலாள் கையை ஆட்டினாள். வாரம் முடிந்துவிட்டது, இனிச் சித்ரா கீபோர்டைத் தொடலாம். மேசைக்கு வந்து, மயிலாள் எப்படித்தான் தள்ளியிருக்கிறாள் பார்ப்போம் என்று அந்தக் கோப்பைத் திறந்தாள். எண்பது வரி இருந்த இடத்தில் எண்பத்தொன்று இருந்தது. கடைசி வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு, ஒரு சிறுகோடு. பையர் கண்ணுக்குப் படாத வரி அது.

"பேக் பண்ணது மயிலாள். சித்ரா கை படல."

இருபத்திரண்டு வருடத்தில் மயிலாள் பெட்டிக்குள் போட்ட சீட்டுகளில் எல்லாம் நம்பர்தான் இருந்திருக்கிறது. சித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். எதையும் தொடாமல் கோப்பை மூடிவிட்டு, மேசை மேல் இருந்த தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.